டிராக்டரை விட்டு இறங்கியும் இறங்காத தலைவலி

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக டிராக்டர் ஓட்டி வருகிறேன். எனக்கு வயது 38. வண்டி முதலாளியுடையது, 45 குதிரைத்திறன் கொண்ட, கேபின் இல்லாத பழைய வண்டி. குறுவை, சம்பா உழவுக் காலங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் கேஜ் வீல் (சேற்றில் புதையாமல் ஓட உதவும் இரும்புச் சக்கரம்) மாட்டியும் ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) மாட்டியும் சேற்றுழவு ஓட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளாக, முற்பகல் பதினொரு மணி சுமாருக்கு நெற்றிப்பொட்டில் தொடங்கும் வலி மாலைக்குள் தலை முழுவதும் பரவிவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூட மனம் வராத அளவுக்கு உடம்பு அசந்துபோகிறது. மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் மாத்திரையைப் போட்டால்தான் மறுநாள் வண்டியில் ஏற முடிகிறது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். டீசல் புகை தலைக்கு ஏறிவிட்டது என்கிறார் மெக்கானிக். இதில் எது சரி?

பதில்: உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஸ்கேன் உதவாது; ஒரு நாற்பது பக்க நோட்டு உதவும். ஒரு வாரத்துக்கு அதில் தினமும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, அதுவரை எவ்வளவு தண்ணீர் குடித்திருந்தீர்கள், வலி எத்தனை மணிக்கு விட்டது. வண்டி ஓட்டாத நாளிலும் தவறாமல் எழுதுங்கள். மருத்துவருக்கு மிகவும் பயன்படும் பக்கம் அதுதான். இரண்டு நாள் தொடர்ந்து ஓய்வாக இருக்கும்போது வலி எட்டிப் பார்க்கவில்லை என்றால் காரணம் வேலையில் இருக்கிறது. ஓய்வு நாளிலும் விடியற்காலையில் வலியோடுதான் கண் விழிக்கிறீர்கள் என்றால் காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும்.

முதலில் புகையைப் பார்ப்போம். டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள், ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் ஆவிகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரித்துகள்கள், சிறிதளவு கார்பன் மோனாக்சைடு ஆகியவை இருக்கின்றன. அதிகமான புகையைச் சில மணி நேரம் சுவாசித்தாலே தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு ஆகியவை வரும் என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. ஆனால் திறந்த வயலில், நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டியில், காற்று புகையை உடனுக்குடன் கலைத்துவிடும் என்பதால், புகை மட்டும் தனியாக ஒருவரை இரண்டு ஆண்டுகள் படுத்துவது அரிது. உங்களுடையதோ பழைய வண்டி. அதனால்தான் புகையை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இதே மாதிரியான வலியோடு என்னிடம் வந்த ஒரு டிராக்டர் ஓட்டுநரை இன்றும் மறக்க முடியவில்லை. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, கண் பார்வையிலும் குறையில்லை. எழுந்து போகும்போது தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உதறினார். அதன் ஒரு பக்கம் மட்டும், திருவிளக்கின் மேல் சுவரில் படியுமே, அப்படிக் கரி படிந்திருந்தது. மறுநாள் வண்டியையே மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். இஞ்சினிலிருந்து சைலன்சர் குழாய்க்குப் புகை செல்லும் மேனிஃபோல்டு இணைப்பில், இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் பிய்ந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி விரல் அகலத்துக்குக் கரிக்கோடு ஓடியிருந்தது. சைலன்சர் வாய் வழியாக மேலே போக வேண்டிய புகையில் ஒரு பங்கு, மாதக்கணக்காக அவர் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றிய பிறகு அவருக்கு வலி பெரும்பாலும் நின்றது. முழுவதும் நிற்கவில்லை, அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே நாளைக் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, மேனிஃபோல்டு இணைப்பையும் சைலன்சரின் அடிப்பகுதியையும் கையால் தடவிப் பாருங்கள். புதிய கரி ஒட்டினால் அங்கே கசிவு இருக்கிறது. சைலன்சரின் வாய் உங்கள் தலை மட்டத்துக்கும், மேலே கூரை போட்டிருந்தால் அந்தக் கூரைக்கும் உயரமாக இருக்க வேண்டும். கூரைக்குக் கீழே முடியும் குழாய் புகையை உள்ளே தேக்கிவைக்கும். ஓடும்போது வரும் புகையின் நிறத்தையும் கவனியுங்கள். சுமை ஏறும்போது கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசல் முழுமையாக எரியவில்லை என்று பொருள். ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், டீசலைத் தெளிக்கும் நாசில் தேய்ந்திருக்கலாம், அல்லது தாங்காத கியரில் போட்டு இஞ்சினைத் திணற விட்டிருக்கலாம். ஆயில் ஊற்றும் பழைய மாதிரி ஏர் கிளீனர் என்றால், கோடையில் புழுதி உழவு ஓட்டும் நாட்களில் அந்த ஆயிலைத் தினமும் பார்க்க வேண்டும். அடியில் சேறுபோல் வண்டல் தங்கியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். நீலப்புகை இஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். இவை எல்லாம் டீசல் செலவையும் குறைக்கும் வேலைகள் என்பதால், உங்கள் முதலாளியிடம் உடல்நலத்தைச் சொல்லிக் கேட்கத் தயங்கினால் டீசல் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது நாம் வாங்கும் டீசல் முன்பைவிடச் சுத்தமானது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன்பிருந்த தரத்தில் இது 50 பங்கு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிமுறையும் வந்திருக்கிறது. உங்கள் 45 குதிரைத்திறன் வண்டி அந்த வரம்புக்குள் வராது. கேஸ்கெட் ஓட்டையை நல்ல டீசல் அடைத்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, அந்த ஓட்டுநருக்கு வலி முழுவதும் நிற்காததன் காரணம். அவரிடம் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பிறகுதான் கேட்டேன்: காலையில் வண்டியில் ஏறியதிலிருந்து மதியம் வரை எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறீர்கள்? ஒரு முறைகூட இல்லை என்றார். உங்கள் வலி பதினொரு மணிக்குத் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. கேபின் இல்லாத டிராக்டரில் உச்சியில் வெயில், முன்னால் இஞ்சினும் ரேடியேட்டரும் தள்ளும் அனல், காலுக்கடியில் கியர் பெட்டியின் சூடு, சேற்று வயலிலிருந்து எழும் நீராவிப் புழுக்கம் என நான்கு பக்கமும் சூடு. வியர்வை உடனே காயாத அந்தப் புழுக்கத்தில் உடம்பு தன் சூட்டைத் தணிக்க முடியாமல் மேலும் மேலும் வியர்க்கிறது. வயல்காரர் வீட்டிலிருந்து பதினொரு மணிக்கு வடையும் டீயும் வரும். தண்ணீர்க் குடம் வராது. வரப்பில் வைத்த பாட்டிலை எடுக்க வண்டியை நிறுத்த வேண்டும் என்பதால், மணிக் கணக்கில் கூலி பேசிய ஓட்டுநர் நிறுத்துவதும் இல்லை.

ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை வண்டியிலேயே, இஞ்சின் சூடு படாத இடத்தில் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். தாகத்துக்காகக் காத்திருக்காமல், வெயில் நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு கேனைக் குடிப்பது நல்லதன்று. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், நடுவில் உப்புப் போட்ட நீர்மோரோ, நீராகாரமோ, ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் உப்பின் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் நீங்கள் குடிக்கும் தண்ணீர் போதுமானது. கடுந்தேநீர் நிறத்தில் இருந்தால் போதாது. காலையில் பழைய சோறோ கஞ்சியோ ஏதாவது ஒன்று வயிற்றில் இல்லாமல் சாவியைத் திருகவே வேண்டாம். பசியும் தலைவலியைத் தூண்டும்.

அடுத்தது சத்தம். காதைப் பற்றி டிராக்டர் ஓட்டுநர்கள் யாரும் என்னிடம் கவலைப்பட்டதில்லை. எனக்குத்தான் அந்தக் கவலை. கேபின் இல்லாத டிராக்டரில், முழு வேகத்தில் இஞ்சின் ஓடும்போது ஓட்டுநரின் காதருகே சத்தம் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவின்படி 85 டெசிபெல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். சத்தம் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். அதன்படி 94 டெசிபெல்லுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. நீங்கள் இருப்பதோ பத்து மணி நேரம். இடைவிடாத சத்தம் காதின் நரம்புச் செல்களை அழிப்பதோடு, உடம்பை நாள் முழுவதும் விறைப்பான நிலையிலேயே வைத்திருக்கும். மாலையில் வரும் அந்த இனம் தெரியாத அசதியில் சத்தத்துக்கு நல்ல பங்கு உண்டு. இரவு படுத்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் அது முன்னெச்சரிக்கை. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. மருந்துக் கடைகளிலும் பாதுகாப்புக் கருவிகள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் நுரை அடைப்பானைத் திரித்து, காதினுள் முழுவதும் நுழையும்படி வைக்க வேண்டும். அல்லது காதை முழுவதும் மூடும் கவசத்தை அணியலாம். இஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காகப் பெரிய ஸ்பீக்கர் பொருத்திப் பாட்டுப் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது சத்தத்தின் மேல் சத்தத்தை அடுக்குகிறது. உங்கள் முதலாளி புதிய வண்டி வாங்கும்போது, மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலைய அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்; ஓட்டுநரின் காதருகே எத்தனை டெசிபெல் என்பதையும் அதில் அளந்து எழுதியிருப்பார்கள்.

கழுத்தையும் முதுகையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரொட்டவேட்டர் ஓடும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள். அதுவும் பெரும்பாலும் ஒரே பக்கமாக. பிடரியில் தொடங்கி ஒரு பக்கமாக நெற்றிக்கு ஏறும் வலி என்றால் அது கழுத்திலிருந்து வருவது. இரண்டு பக்கமும் கண்ணாடி பொருத்துவதும், திரும்பும் பக்கத்தை மாற்றிக்கொள்வதும், மணிக்கு ஒரு முறை இறங்கிக் கழுத்தையும் தோளையும் சுழற்றுவதும் உதவும். நமது முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 8 முறை வரை வரும் ஆட்டத்தைப் பெருக்கி வாங்கிக்கொள்ளும் தன்மை உடையது. டிராக்டர் இருக்கையின் ஆட்டமும் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியதுதான். இருக்கைக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கை உங்கள் எடைக்கு ஏற்றபடி திருகி வைக்க முடியும் என்பது பல ஓட்டுநர்களுக்குத் தெரிவதில்லை. ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் கோணியை மடித்துப் போடுவது அதற்கு ஈடாகாது.

இனி நீங்கள் போடும் மாத்திரை. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் பயமுறுத்திய வரி அதுதான். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளை, உடம்பில் நீர் வற்றியிருக்கும் நிலையில் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும். வயிற்றுப்புண்ணும் ரத்தக் கசிவும் வரலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், மாலையில் அந்த மாத்திரையைப் போடுவது சிறுநீரகத்தை இரண்டு பக்கமும் நெருக்குவதாகும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாதத்தில் பதினைந்து நாட்களுக்கு மேல் (கூட்டு மாத்திரை என்றால் பத்து நாட்களுக்கு மேல்) மூன்று மாதங்களுக்குத் தொடர்ந்து வலி மாத்திரை போடுபவர்களுக்கு, அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். மருந்தின் வேகம் இறங்கும்போது வலி வரும், மறுபடி மருந்து போட வைக்கும். உங்களுக்கு இப்போது நடப்பதில் இதுவும் கலந்திருக்கக்கூடும். அட்டையோடு மாத்திரையை எடுத்துக்கொண்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போதும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாம். கண் பார்வையையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். நாற்பதை நெருங்கும் வயதில் அது அவசியம்.

உறவினர்கள் சொல்லும் ஸ்கேன் எப்போது தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை கண்டிராத கடுமையான வலி இடி விழுந்ததுபோல் சட்டென்று வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போனாலோ, பேச்சுக் குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, தலையில் அடிபட்ட பிறகு வலி தொடங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 வண்டியை அழையுங்கள். வாரத்துக்கு வாரம் வலி கூடிக்கொண்டே போய், விடியற்காலையில் வாந்தியும் வந்தால் மருத்துவரே ஸ்கேன் எழுதுவார். நீங்கள் எழுதிய விவரத்தில் இவை எதுவும் இல்லை.

உழவுக் காலத்தில் பகலில் ஒரு வயல், இரவில் ஒரு வயல் என்று ஓட்டுகிறீர்கள் என்றால், அசதிக்கு வேறு விளக்கமே தேவைப்படாமலும் போகலாம். கண் சொக்கும்போது வரப்பு ஏற்றத்திலோ வாய்க்கால் கரையிலோ வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் அடியில் சிக்கிவிடுவார். கண் சொக்குகிறது என்று தெரிந்த அந்த நொடியிலேயே வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, வயலுக்கு வெளியே அரை மணி நேரமாவது படுத்து எழுந்திருங்கள். மணிக் கூலி போனால் போகட்டும்.

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். சென்ற மழையில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. டிராக்டரின் பி.டி.ஓ.வில் (இஞ்சின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) டைனமோவை இணைத்து, வீட்டுக்கு மின்சாரம் எடுத்தோம். வண்டி நனையாமலிருக்கக் கொட்டகைக்குள் நிறுத்தித் தகரக் கதவையும் சாத்தியிருந்தோம். உள்ளே இருந்த என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து வாந்தி வந்தது. வெளியே வந்து உட்கார்ந்ததும் சிறிது நேரத்தில் தெளிந்தார்கள். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டியது. இனி பயப்பட ஒன்றும் இல்லைதானே?

பதில்: அம்மா, இருவரும் பிழைத்து வெளியே வந்தது பெரும் பேறு. அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு நச்சு. ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், முதலில் நினைக்க வேண்டியது இந்த வாயுவைத்தான். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனுக்கு இடம் கொடுக்காது. டீசல் இஞ்சினில் பெட்ரோல் இஞ்சினைவிட இந்த வாயு குறைவாகவே வெளிவரும் என்றாலும், சாத்திய கொட்டகைக்குள், அதுவும் சுமையோடு மணிக்கணக்கில் ஓடும்போது, அந்தக் குறைவே போதுமான ஆபத்து.

அந்த 98 என்ற எண்ணை நம்பவே கூடாது. விரலில் மாட்டும் சாதாரணக் கருவியால் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாது. இரண்டையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணிக் காட்டும். நல்ல காற்றுக்கு வந்த பிறகும் ரத்தத்தில் ஏறிய அந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். மருத்துவமனைக்குப் போவதன் பயன் அங்கேதான் இருக்கிறது. கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகள் என்றால் வலி தெளிந்துவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு இருவரில் யாருக்காவது மறதி, தடுமாற்றம், சுபாவ மாற்றம் தென்பட்டிருந்தால், வாரங்கள் கடந்திருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, உங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஜெனரேட்டரை நம்பியே பல ஊர்கள் இருந்தன. அத்தகைய நாள் மறுபடி வரலாம் என்பதால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டியோ ஜெனரேட்டரோ, ஓடும்போது திறந்தவெளியில்தான் இருக்க வேண்டும், வீட்டின் ஜன்னல், கதவுக்கு அருகிலும் வைக்கக் கூடாது. மழைக்கு மேலே தார்ப்பாய் கட்டலாம், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். கதவைத் திறந்துவைத்தால் மட்டும் கொட்டகை பாதுகாப்பாகிவிடாது. வைக்கோல் அடுக்கிய கொட்டகை என்றால் தீ பிடிக்கும் ஆபத்தும் உண்டு. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால், பதறி உள்ளே ஓடுபவரும் மயங்கி விழ நேரிடும். முதலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, 108-க்குச் சொல்லிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் இழுத்து வர முடிந்தால் மட்டும் உள்ளே செல்லுங்கள்.

கேள்வி: டீசல் புகை புற்றுநோய் தரும் என்று படித்தேன். முப்பது ஆண்டுகளாக உழவு ஓட்டும் என் தந்தையார் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொள்கிறார். அது போதுமா? (கல்லூரி மாணவி, பெரம்பலூர்)

பதில்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூன் மாதத்தில், டீசல் இஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது உண்மை. அந்தப் பிரிவு சான்றின் உறுதியைக் காட்டுவது. ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்லாது. முக்கியமான சான்றுகள் சுரங்கத்துக்குள் டீசல் இயந்திரங்களோடு வேலை செய்தவர்களிடமும், ரயில், லாரித் தொழிலாளர்களிடமும் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. வயலில் ஓட்டும் உங்கள் தந்தையார் சுவாசித்த அளவு சுரங்கத் தொழிலாளியின் அளவுக்கு வராது. அவர் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவராக இருந்தால், நுரையீரலுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. அதை நிறுத்துவதுதான் இன்றைக்கே செய்யக்கூடிய பெரிய உதவி.

ஈரத்துண்டு புழுதியை ஓரளவு தடுக்கும். புகையின் நுண்துகளையும் வாயுக்களையும் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 முகக்கவசம் துகள்களை வடிகட்டும், வாயுக்களை வடிகட்டாது. உச்சி வெயிலில் அதை நாள் முழுவதும் அணிந்து வேலை செய்ய எல்லோராலும் முடியாது என்பதை அறிந்தே சொல்கிறேன். புழுதி உழவுக்கும் கதிரடிப்புக்கும் அணியட்டும். மற்ற நேரங்களில், முதல் பதிலில் சொன்னபடி கசிவை அடைத்துச் சைலன்சரை உயர்த்துவதே பயன் தரும். இரண்டு வாரங்களுக்கு மேல் விடாத இருமலோ, சளியில் ரத்தமோ இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உடனே எடுக்க வேண்டும்.

கேள்வி: டிராக்டரில் பொருத்திய ஸ்பிரேயரால் பருத்திக்கு மருந்து அடிக்கும் நாளில் மட்டும் எனக்குத் தலை வலிக்கிறது. இதுவும் புகைதானா? (விருதுநகர் மாவட்ட வாசகர்)

பதில்: இல்லை. அந்த நாளில் மட்டும் என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். குளோர்பைரிபாஸ், புரோஃபெனோபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் மூச்சு வழியாக மட்டுமல்லாமல், நனைந்த சட்டை வழியாகத் தோலிலும் ஏறும். தலைவலியோடு வியர்வை கொட்டுவது, எச்சில் பெருகுவது, கண்மணி சுருங்கிப் பார்வை மங்குவது, தசை துடிப்பது ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் உடனே வேலையை நிறுத்திச் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவருக்கு அந்த டப்பாவில் உள்ள பெயர் தெரிய வேண்டும். காற்று உங்கள் பக்கம் வீசும்போது அடிக்காதீர்கள். முகம் துடைக்கும் துண்டை அந்த வேலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: சென்ற ஐப்பசியில் சேற்றுழவு முடித்த சில நாட்களில் தலைவலியும் காய்ச்சலும் வந்தன. வண்டிச் சூடு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் குளித்து ஐந்து நாட்களைக் கடத்திவிட்டேன். பிறகு மருத்துவமனையில் எலிக்காய்ச்சல் என்று சொல்லிப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். வரும் பருவத்தில் மறுபடி சேற்றுழவு ஓட்டலாமா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: ஓட்டலாம். எலிக்காய்ச்சல் கிருமி எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே நுழைகிறது. டிராக்டரில் உயரத்தில்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றும். ஆனால் ரொட்டவேட்டரில் சுற்றிய வைக்கோலை எடுக்கவும், கேஜ் வீலில் அப்பிய சேற்றைத் தள்ளவும் ஒரு நாளைக்கு எத்தனை முறை வெறுங்காலோடு இறங்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இறங்குவதற்கு முன் இஞ்சினை நிறுத்த வேண்டும் என்பதோடு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸையும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பும் புண்ணும் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். வேலை முடிந்ததும் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோய் பரவும் பருவத்தில் வாரம் ஒரு முறை போடும் தடுப்பு மாத்திரை உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முடிவு செய்வார். கிருமியில் பல வகைகள் இருப்பதால், ஒரு முறை வந்துவிட்டது, இனி வராது என்று இருந்துவிட முடியாது.

சேற்றில் இறங்கிய ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சலோடு தலைவலி வந்து, கெண்டைக்காலை அழுத்தினால் உயிர் போவதுபோல் வலித்து, கண் சிவந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், “நான் சேற்றுழவு ஓட்டுபவன், முன்பு எலிக்காய்ச்சல் வந்திருக்கிறது” என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வெறும் தலைவலி என்று மட்டும் சொன்னால், வெளிநோயாளிகள் வரிசையின் நெருக்கடியில் உங்கள் கையில் வெறும் பாரசிட்டமால்தான் கிடைக்கும்.